பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அப்பா, அம்மா, ஆசிரியர் தவிர நம்பிப் பேச இன்னும் ஓரிருவர் வேண்டும். எதிர்வீட்டு அத்தை, டியூஷன் அக்கா, கடை அண்ணாச்சி என்று யாராகவும் இருக்கலாம். அந்த இடத்தை நாம் இழப்பது பெரும்பாலும் அக்கறையில் சொன்ன ஒரு சொல்லால்தான்.

பார்த்ததும் மார்க் கேட்பதில் தொடங்குகிறது. "எத்தனாவது ரேங்க்?" என்ற கேள்விக்கு ஓர் எண்தான் பதில், அத்தோடு பேச்சு முடிந்தது. அடுத்த முறை நம்மைக் கண்டாலே பிள்ளை சந்து மாறிப் போகும். "உங்க டீம்ல நீ பவுலிங்கா, கீப்பிங்கா?" என்று கேட்டால் பத்து நிமிடம் பேசும். "என்னடி இப்படி இளைச்சுட்ட", "கறுத்துட்டியேடா" என்ற விசாரிப்புகளையும் விட்டுவிடலாம். அவர்கள் வீட்டில் கண்ணாடி இருக்கிறது.

மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு வரும் நாளில் இது இன்னும் முக்கியம். அன்று போன் போட்டு மார்க் விசாரிக்காதீர்கள். தேர்ச்சி பெறாத பிள்ளையிடம் "ஒரு வருஷம் போச்சே" என்பது இரக்கமில்லாத பேச்சு மட்டுமல்ல, தவறான தகவலும்கூட. சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம். அதே ஆண்டு கல்லூரியில் சேரவும் வழி உண்டு. விண்ணப்பிக்கக் கடைசித் தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள், கூடவே பள்ளிக்குப் போய் வாருங்கள்.

"இருந்து என்ன செய்யப் போறேன்" என்று பிள்ளை சொன்னால் "பைத்தியம் மாதிரி பேசாதே" என்று வாயை அடைக்கக் கூடாது. "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்பது பாரத்தைக் குறைக்கும். 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றை அப்புறப்படுத்தச் சொல்லி வீட்டாரிடம் தெரிவியுங்கள். 14416 அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்; இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம்.

கோள் சொல்வது இன்னொரு பெரிய தவறு. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் யாரோ பையனோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று அவள் அப்பாவிடம் போட்டுக் கொடுக்கிறோம். ஊர் மானத்தைக் காத்த திருப்தி நமக்கு. அவளுக்குப் படிப்பு நிற்கும், 18 வயது ஆகும் முன்பே மாப்பிள்ளை பார்ப்பார்கள். ஆபத்து இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். யாராவது மிரட்டுகிறார்களா, பணம் கேட்கிறார்களா, ஆள் வயதில் மிகப் பெரியவரா? இல்லையென்றால் அது உங்கள் வேலை இல்லை. இருந்தால் முதலில் பிள்ளையிடமே பேசுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "சொல்லு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்வது. பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை வாய் திறந்தால் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் யாரானாலும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை விதிக்கலாம். ஆகவே, "உன் பாதுகாப்புக்கு யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். பிள்ளையின் சொற்களை அப்படியே, தேதியோடு எழுதி வையுங்கள். துருவித் துருவித் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்க விடாதீர்கள். சம்பந்தப்பட்ட ஆளிடம் போய் நியாயம் கேட்பதும், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதும் வழக்கைக் கெடுக்கும், பிள்ளையை மேலும் ஆபத்தில் தள்ளும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்.

கோயில் திருவிழா வந்தால் இளவட்டங்களுக்கு நாற்காலி தூக்கும் வேலைதான். அதற்குப் பதில் ஒரு வேலையை முழுசாக ஒப்படையுங்கள். நீர்மோர்ப் பந்தல் என்றால் 2,000 ரூபாயைக் கையில் கொடுத்து, எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு தயிர், எத்தனை டம்ளர் என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். மதியத்துக்குள் மோர் தீர்ந்துபோகும். அப்போதுதான் நமக்குக் கை துறுதுறுக்கும். பிடுங்கிக்கொள்ளக் கூடாது. மறுநாள் உட்கார்ந்து, "எங்க குறைஞ்சது?" என்று கேட்டாலே போதும். கணக்குச் சீட்டை வாங்கிப் பார்ப்பதும் அவசியம்; பார்க்காவிட்டால் நாம் கொடுத்தது பொறுப்பாகாது.

"தெரு முனை வரைக்கும்தானே" என்று வண்டிச் சாவி கொடுப்பவருக்கு: 18 வயது ஆகாதவர் ஓட்டிப் பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் வண்டிக்காரருக்கு. கடைக்காரருக்கு: "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னார்" என்றாலும் 18 வயதுக்குக் கீழானவர் கையில் சிகரெட் கொடுப்பது குற்றம்தான்.

பிள்ளைகளுக்கு வாலிபால் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஆர்வமாக வாரம் ஐந்து நாள் ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் காணாமல் போவதைவிட சனிக்கிழமை ஒரு மணி நேரம் தவறாமல் வருவது மேல். வர முடியாத வாரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயிற்சியோ பாடமோ, திண்ணையிலோ திறந்த மைதானத்திலோ நடக்கட்டும். வாட்ஸ்அப் செய்தியைத் தனியாக அனுப்பாமல் பெற்றோரும் உள்ள குழுவில் போடுங்கள்.