பெரிய டயரும் குறைந்த மைலேஜும்

ஜீப்பில் 235/70 ஆர்16 அளவு டயரைக் கழற்றி, அதைவிடப் பெரிய 265/75 ஆர்16 போட்டபின் மைலேஜ் படுத்துவிட்டது. ஏற்காடு மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முதல் கியர் கேட்டது. ஏர் ஃபில்டர் மாற்றினேன், இன்ஜெக்டர் கழுவினேன், காற்றழுத்தம் கூட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

அப்புறம் தர்மபுரி சாலையில் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டால், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் குறைவாகக் காட்டுகிறது! புது டயரின் விட்டம் 9 சதவீதம் அதிகம்; ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், மீட்டரோ சுற்றுகளைத்தான் எண்ணும். நூறு கிலோமீட்டர் ஓடினால் தொண்ணூற்றிரண்டுதான் பதிவாகும். ஆக, பாதி நஷ்டம் வெறும் கணக்கில்தான்.

மீதி நஷ்டத்துக்கு, அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனின் விகிதத்தை 3.73இலிருந்து 4.10க்கு மாற்றினோம்; சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் கூடுதலாகச் சுற்றும், இழுவை கூடும். ஃபோர் வீல் டிரைவ் என்பதால் முன் அச்சிலும் அதே விகிதம் கட்டாயம். செலவு கொஞ்சம் அதிகம்தான். ஸ்பீடோமீட்டருக்கும் ஓடோமீட்டருக்கும் அச்சுக்கு முன்னால் உள்ள கியர்பாக்ஸிலிருந்து இணைப்பு என்பதால், புது விகிதத்தில் அவையும் தானாகச் சரியாயின. இப்போது வளைவுகளில் இரண்டாம் கியரே இழுக்கிறது. டயரின் எடைக்கான டீசல் மட்டும் இன்னும் போகிறது.