மூன்றால் வகுபடாத கூடு: முக்கோணக் காந்தங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபரிமாணக் காந்தப் பொருள்களைக் கணக்கிடப் புதிதாக வருபவர்களின் உள்ளீட்டுக் கோப்புகளைத் திறந்தால், என் பழைய தவறுகள் அப்படியே கிடக்கின்றன. கே-புள்ளிகள் (எலக்ட்ரான் அலைகளைக் கணக்கிடத் தேர்ந்தெடுக்கும் புள்ளிகள்) போதாமை போன்றவற்றை மென்பொருள் கையேடே சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

2×2 கூட்டை நம்புவது

முழுப் படிகத்துக்குப் பதிலாக, திரும்பத் திரும்ப அடுக்கிக் கணக்கிடும் சிறு துண்டைத்தான் கூடு என்கிறோம். வனேடியம் டைகுளோரைடை எடுத்துக்கொள்வோம். அதன் அடுக்கில் வனேடியம் அயனிகள் முக்கோணம் முக்கோணமாக அமர்ந்திருக்கின்றன. அண்டை ஸ்பின்கள், அதாவது அயனிகளின் நுண் காந்த அம்புகள், எதிரெதிராக நிற்க விரும்புகின்றன. இரண்டு முனைகளை அப்படி நிறுத்திவிட்டால், மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றோடு முரண்படும். அதனால் மூன்றும் 120 பாகை விலகி நிற்கின்றன. சுமார் 36 கெல்வினுக்குக் கீழே இந்தப் பொருளில் காணப்படுவது இந்த ஒழுங்குதான். அது அடங்குவதற்கு மூன்று அயனிகள் கொண்ட √3×√3 கூடு வேண்டும்.

புதிதாக வருபவர்களோ நான்கு அயனிகள் கொண்ட 2×2 கூடு கட்டுகிறார்கள். தாளில் வரைந்து ஓர் அயனியின் ஆறு அண்டைகளையும் எண்ணிப் பாருங்கள்: கூட்டின் மற்ற மூன்று அயனிகளும் இரண்டிரண்டு முறை வரும். ஸ்பின்னின் நீளத்தை 1 என்று கொண்டு, முதல் அண்டை இடைவினை ஜே மட்டும் இருப்பதாக வைத்தால், இந்தக் கூட்டில் எப்படித் திருப்பினாலும் ஒரு ஸ்பின்னின் ஆற்றல் −1 ஜே-க்குக் கீழே இறங்காது. 120 பாகை ஒழுங்கில் அது −1.5 ஜே. உண்மையான அடிநிலை கூட்டுக்குள் நுழையவே முடியாது. வரிவரியான ஒழுங்கு வெற்றிபெற்றதாக விடை வரும். நிரல் ஒரு எச்சரிக்கையும் தராது. எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது அதுதான்.

தற்செயல் எண்களைக் கொண்டு ஸ்பின்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் மான்டி கார்லோ முறையிலும் இதே பொறி. கணினிப் பழக்கத்தில் 64×64 வலையை எடுத்தேன். ஒழுங்கு எந்த அலையாகத் திரும்ப வருகிறது என்று காட்டும் வரைபடத்தில், 120 பாகை ஒழுங்குக்கு உச்சி இருக்க வேண்டிய இடம் 1/3. 64-இல் பொருந்தும் அலைகளோ 21/64, 22/64. நடுவே 1/3 இல்லை. உச்சி சற்று நகர்ந்து தெரிந்ததைப் புதிய சுருள் ஒழுங்கு (ஸ்பின்கள் படிப்படியாகத் திரும்பிக்கொண்டே போகும் ஒழுங்கு) என்று நம்பி மூன்று வாரக் கணினி நேரத்தைச் செலவழித்தேன். 66 என்று மாற்றியதும் அது தன் இடத்துக்கு வந்துவிட்டது. 60, 66, 72 என்று ஆறால் வகுபடும் எண்களை எடுங்கள். வரி ஒழுங்கும் 120 பாகையும் சம வாய்ப்போடு போட்டியிடும்.

ஒழுங்கு தெரியாவிட்டால் ஸ்பின் திரவம் என்பது

இட்டெர்பியம் மெக்னீசியம் காலியம் ஆக்சைடை 2015 வாக்கில் பலரும் ஸ்பின் திரவமாக, அதாவது மிகக் குளிரிலும் ஸ்பின்கள் ஒழுங்கில் உறையாத பொருளாக, பார்த்தார்கள். அதில் மெக்னீசியமும் காலியமும் ஒரே வகை இடங்களில் தாறுமாறாகக் கலந்திருக்கின்றன. அந்தக் கலப்பு மட்டுமே திரவத்தைப் போன்ற அடையாளங்களைக் காட்டக்கூடும். படிகத்தின் ஒழுங்கின்மையை முதலில் அளந்துவிடுங்கள்.

தூரத்து அண்டைகளை விடுவது

நிக்கல் அயோடைடில் மூன்றாவது நெருங்கிய அண்டைகளோடான இடைவினையை விட்டால் சுருள் ஒழுங்கு மறைந்து, எல்லா ஸ்பின்களும் ஒரே பக்கம் நிற்கும் ஃபெர்ரோ காந்தம் என்று விடை வரும்.

திசைச்சார்பை மறப்பது

எல்லாத் திசையும் சமமான ஹைசன்பர்க் ஸ்பின்களுக்குத் தனி அடுக்கில், சுழிக்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும் நீண்ட ஒழுங்கு கிடையாது என்று மெர்மினும் வாக்னரும் 1966-இல் நிறுவிவிட்டார்கள். ஸ்பின்கள் சில திசைகளை மட்டும் விரும்பும் திசைச்சார்பைக் கணக்கிடாமல் ஒழுங்கு வெப்பநிலையை எழுதாதீர்கள்.