போனைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார: புது போட்டோகிராபருக்கு ஒரு செய்முறை

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் ஒரு வீட்டுக்குக் கல்யாண ஆர்டர் பேசப் போயிருந்தேன். காபி வந்தது. போனில் நான் முன்பு எடுத்த கல்யாணப் படங்களைத் திறந்து பெண்ணின் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அத்தையிடம் கொடுக்க, அது அடுக்களை வரை போய்த் திரும்பியது. வரும்போது திரையில் நின்றது கல்யாணப் படம் இல்லை. முந்தின வாரம் வேறொரு வீட்டுக்கு எழுதிக் கொடுத்த கொட்டேஷன் சீட்டை ஞாபகத்துக்காக போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அது!

"ஏம்பா தம்பி, இதுல ஐயாயிரம் கொறச்சில்லா போட்டிருக்க? இது யாருக்கு?"

அவர்களுக்கும் அந்த ஐயாயிரத்தைக் குறைத்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.

நம்ம பக்கத்து வீடுகளில் போன் உங்கள் கையில் நிற்காது. மாமா, அத்தை, பின்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி வரை போகும். அதை மனதில் வைத்து ஏற்பாடு செய்யுங்கள்.

முதல் வேலை படம் பொறுக்குவது. ஒரு மாலை முழுக்க இதற்கே போகும், போகட்டும். மொத்தம் 40 படம் போதும். பத்துக் கல்யாணத்திலிருந்து நாலு நாலாக எடுக்காதீர்கள். ஒரே கல்யாணத்தை மாப்பிள்ளை அழைப்பிலிருந்து பந்தி வரை 25 படங்களில் காட்டுங்கள், மிச்சம் 15 மற்றவற்றிலிருந்து. தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைப் படித்துறையில் சாயங்கால வெயிலில் ஜோடியை நிறுத்தினால் யாருக்கும் படம் நன்றாக வரும். மண்டப மேடையில் எல்இடி விளக்கு முகத்தில் ஊதா அடிக்க, ஹோமப் புகைக்கு நடுவே தாலி ஏறும் நொடி எப்படி வந்திருக்கிறது என்பதைத்தான் வீட்டார் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். பந்திப் படம் ஒன்று, தாத்தா ஆச்சி சிரிக்கிற படம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். படத்தில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். சடங்கு (மஞ்சள் நீராட்டு) வீட்டுப் படங்களை நான் வெளியே காட்டுவதே இல்லை.

அடுத்து எக்ஸ்போர்ட், அதாவது பொறுக்கிய படங்களைப் போனில் காட்டுகிற அளவுக்குத் தனியாகச் சேமிப்பது. நீளப் பக்கம் 2500 பிக்சல், ஜேபெக், தரம் 80, கலர் எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்குப் பொதுவான நிற அமைப்பு). அடோபி ஆர்ஜிபியில் விட்டால் சில ஆப்களில் பட்டுப்புடவையின் அரக்கு வெளிறிப்போகும். கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு கேபிளில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். இணையத்தில் இருக்கும் ஆல்பத்தை நம்பிப் போகாதீர்கள். டவர் கிடைக்காத வீட்டில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

போனா, டேப்லெட்டா? கேமரா படத்தின் நீள அகல விகிதம் 3:2. போனை நிமிர்த்திப் பிடித்தால் படுக்கைவாட்டுப் படம் திரையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 4:3 டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் வைத்தால் முக்கால் பங்குக்கு மேல் நிறையும். கண்ணாடியைத் தேடும் ஆச்சிக்கு இந்த வித்தியாசம் பெரிது. சிம் இல்லாத பழைய டேப்லெட் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினால் கொட்டேஷன் சீட்டு வம்பும் இல்லை.

போன்தான் என்றால், 40 படத்துக்கும் தனி ஆல்பம் போட்டு, அதற்குள் போய் முதல் படத்தைத் திறங்கள். மொத்தப் படங்களின் வரிசையிலிருந்து திறந்தால் தள்ளத் தள்ள உங்கள் கரண்ட் பில் வரை வரும். அப்புறம் ஆப்பைப் பூட்டுங்கள். ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ். இரண்டையும் செட்டிங்ஸில் தேடினால் கிடைக்கும். ஆனால் பூட்டு அந்த ஆப்பை விட்டு வெளியேற விடாது, அவ்வளவுதான். பக்கத்து ஆல்பத்துக்குப் போவதைத் தடுக்காது. அதனால் கேலரியை விட்டுவிட்டு, இந்தப் படங்கள் மட்டும் இருக்கிற வேறொரு ஆப்பில் காட்டுவது நல்லது. நான் லைட்ரூம் மொபைல் என்கிற போட்டோ எடிட்டிங் ஆப்பில் வைத்திருக்கிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஃப்ளைட் மோடைப் போடுங்கள். கண்ணுக்கு இதமென்று வைத்திருக்கும் மஞ்சள் வெளிச்சத்தையும் ஆட்டோ பிரைட்னஸையும் அணைத்து, வெளிச்சத்தை முக்கால் பங்குக்கு ஏற்றுங்கள். திரை அணையும் நேரத்தையும் கூட்டி வையுங்கள்.

சித்திரை வெயிலில் போனை பைக் டேங்க் மேல் மாட்டி வழி பார்த்துக்கொண்டு போகாதீர்கள். சூடேறினால் போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் ஏற்றினாலும் ஏறாது. துணிப்பையில் சுற்றி எடுத்துப் போங்கள்.

கொடுத்த பிறகு ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் கதை சொல்லாதீர்கள். "இது யாரு பொண்ணு?" என்று ஆச்சி கேட்டால் ஊரை மட்டும் சொன்னால் போதும்.

வெளியே வந்ததும் ஃப்ளைட் மோடை எடுத்துவிடுங்கள். ஒருநாள் நான் எடுக்க மறந்து ராத்திரி வரை அப்படியே சுற்றினேன். அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லி அந்த வீட்டிலிருந்து ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள்.