ரப்பர் பாகங்களுக்குப் பொருள் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவைப் பம்புப் பட்டறைகளில் ரப்பர் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்கள், எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே மறுபடி செய்வதைப் பார்த்து இதை எழுதுகிறேன். அளவுப் பிழை போன்றவை தாமே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொருத்தும்போது தடவும் கிரீஸை மறப்பது

பம்புக்குள் எந்தத் திரவம் ஓடுகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள்; ரப்பரை வேறு எது தொடும் என்று கேட்பவர்கள் அரிது. வெந்நீர்ப் பம்பு ஒன்றுக்கு ஈ.பி.டி.எம். ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) சொல்லியிருந்தார்கள். வெந்நீரையும் நீராவியையும் ஓசோனையும் தாங்கும் ரப்பர் அது என்பதால், தேர்வில் குறையில்லை. ஆனால் ரிங் எளிதாக வழுக்கி உட்கார வேண்டும் என்பதற்காக, ஃபிட்டர் மேசையிலிருந்த சாதாரண பேரிங் கிரீஸைத் தடவிவிட்டார். அது பெட்ரோலிய எண்ணெயில் செய்தது, ஈ.பி.டி.எம். அந்த எண்ணெயை உறிஞ்சி ஊதிவிடும். கசிவுப் புகார் வந்து பிரித்துப் பார்த்தபோது, ரிங் பள்ளத்தில் அடங்காமல் பிதுங்கி, நகம் பட்டால் குழியும் அளவுக்கு இளகியிருந்தது. பிதுங்கிய ஓரத்தை இரும்பு நறுக்கியிருந்தது. பழி ரப்பரின் தரத்தின்மீது விழுந்து, லாட் முழுவதும் திரும்பிப் போனது. மாற்றாக வந்த ரிங்குகளுக்கும் அதே டப்பாவிலிருந்து அதே கிரீஸைத் தடவினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. சில ரூபாய் ரிங்குக்காகப் பம்பை இருமுறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. சிலிக்கோன் கிரீஸ் தடவியிருந்தால் இந்தச் செலவே இல்லை. ரப்பரின் பெயருக்குக் கீழேயே தடவ வேண்டிய கிரீஸின் பெயரையும் டிராயிங்கில் எழுதுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. எஞ்சின் ஆயிலுக்கு நன்றாக உழைக்கும் நைட்ரைல் ரப்பர், டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலில் கெட்டுப்போகும், அங்கே ஈ.பி.டி.எம்.தான் சரி. ஆயில் என்ற பெயரை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

கடினத்தன்மையை மட்டும் எழுதுவது

ஷோர் ஏ என்பது ரப்பரின் கடினத்தன்மையை அளக்கும் அளவுகோல். “கறுப்பு, 70 ஷோர் ஏ” என்பது எந்த ரப்பருக்கும் பொருந்தும்; ரப்பரின் பெயரையும் எழுதுங்கள்.

விலை உயர்ந்தது எதையும் தாங்கும் என்று நம்புவது

விலை உயர்ந்த ரப்பரான வைட்டான்கூட அசிட்டோன் என்ற கரைப்பானைத் தாங்காது.

வெப்பத் தாங்குதிறனோடு நின்றுவிடுவது

சிலிக்கோன் ரப்பர் 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் எளிதில் கிழியும், உராய்வில் தேயும். ஆகவே சுழலும் ஷாஃப்டில் உரசும் இடத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் முன் இருமுறை யோசியுங்கள். அழுத்தி வைத்த ரப்பர் எவ்வளவு மீண்டு எழாமல் நின்றுவிடுகிறது என்பதைக் காட்டும் கம்ப்ரெஷன் செட் அளவையும், பாகம் வேலை செய்யும் வெப்பநிலையிலேயே சோதித்துத் தருமாறு சப்ளையரிடம் கேளுங்கள்; அறை வெப்பநிலையில் எடுத்த எண் கேஸ்கெட்டுக்கும் ஓ-ரிங்குக்கும் உதவாது.