வெள்ளியங்கிரி ஏறுபவர்கள் செய்யும் தவறுகள்

"ஒரு வழி 6 கிலோமீட்டர்தானே?" என்பதிலேயே கணக்கு பிசகிவிடுகிறது. கோவை அருகே பூண்டி அடிவாரத்திலிருந்து, சிவன் சன்னதி இருக்கும் ஏழாவது மலைக்கு 1,000 மீட்டருக்கு மேல் ஏற்றம். சமதளத்தில் நடக்க ஆகும் நேரத்தோடு, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். ஓய்வும் நெரிசலும் சேர்ந்தால் ஏறவே நாலைந்து மணி நேரம். இறங்கும்போது முட்டி கெஞ்சும். அதிலும் நேரத்தைப் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது.

அடிவாரத்து வெக்கையைப் பார்த்து உடுப்பு எடுப்பதுதான் பெரிய தவறு. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும், காற்று வேறு. முதல் மலைப் படிக்கட்டிலேயே பருத்திச் சட்டை தொப்பலாகிவிடும். மேலே வெட்டவெளியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால், அந்த ஈரச் சட்டையே பல்லைத் தந்தியடிக்க வைக்கும். ஏறும்போது சீக்கிரம் காய்கிற விளையாட்டு ஜெர்சி போதும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். வியர்வையில் ஊறினால் மேலே உதவாது. ஸ்வெட்டர், ஒரு காய்ந்த சட்டை, குல்லா மூன்றையும் தண்ணீர் புகாத பையில் கட்டி வையுங்கள். பாலித்தீன் கவர் அடிவாரத்தில் வனத்துறைச் சோதனையைத் தாண்டாது.

ஆறாவது மலையில் உள்ள ஆண்டி சுனையில் குளித்துவிட்டு உச்சிக்குப் போவது வழக்கம். மாற்றுத்துணி இல்லாமல் விடியற்காலைக் காற்றில் முங்குவது வம்பு. தலையில் தெளித்துக்கொண்டால் போதும். நடுங்குகிறவர் உளறினாலோ, கால் பின்னினாலோ ஈரத்தைக் களைந்து, உலர்ந்ததைப் போர்த்தி, உடனே உதவிக்கு ஆள் சொல்லி அனுப்புங்கள்.

கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இடியோடு வரும். முற்பகலிலேயே வெட்டவெளியைக் கடந்து இறங்கிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவென்றால், உச்சி கண்ணில் தெரிந்தாலும் திரும்புங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். குடை இங்கே காற்றுக்குத்தான் லாபம், ரெயின்கோட் எடுங்கள்.

இருட்டில் ஏறும்போது செல்போன் டார்ச்சை நம்பினால், அதைப் பிடிக்கவே ஒரு கை போய்விடும். தலையில் மாட்டும் விளக்கு வேண்டும், இன்னொரு கைக்குத் தடி. மூங்கில் தடி வாங்கும்போது நுனி பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். உயரம் நெஞ்சளவு இருக்கட்டும்: இறங்குகையில் தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு காலை வைக்க வேண்டும். இடுப்பளவுத் தடி என்றால் குனிய நேரும். நனைந்த வழுக்குப்பாறையில் அப்படிக் குனிந்தால், தடிக்கு முன்னால் நீங்கள் கீழே போய்விடுவீர்கள்.