மண்டபமா, சமையல்காரரா: அனிமே ஸ்டூடியோ சண்டையில் நாம் செய்யும் தவறுகள்

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பார்க்கிற நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் ஒன் பஞ்ச் மேன் தொடரில் வந்து நிற்கும். 2015-இல் வந்த முதல் சீசனைச் செய்தது மேட்ஹவுஸ் என்ற ஸ்டூடியோ. 2019-இல் வந்த இரண்டாவதைச் செய்தது ஜே.சி. ஸ்டாஃப். முதலாவதில் நாயகன் சைதாமாவும் வில்லன் போரோஸும் மோதும் கடைசிச் சண்டையை இன்றைக்குப் பார்த்தாலும் வாய் பிளந்துவிடும். இரண்டாவதில் வில்லன் கரோவின் சண்டைகளுக்கு அந்த வேகம் இல்லை. உடனே தீர்ப்பு எழுதிவிடுவோம்: மேட்ஹவுஸ் கெத்து, ஜே.சி. ஸ்டாஃப் மொக்கை. நானும் பல வருஷம் இதையே சொல்லித் திரிந்தவன்தான்.

கல்யாணச் சாப்பாடு நன்றாக இருந்தால் "யார் சமையல்?" என்று கேட்போமே தவிர, மண்டபத்தின் பெயரைச் சொல்லிப் பாராட்ட மாட்டோம். அனிமேவில் மட்டும் மண்டபத்துக்கு மாலை போடுகிறோம். ஒன் பஞ்ச் மேன் முதல் சீசனை இயக்கியவர் ஷிங்கோ நட்சுமே. அவரோடு இருந்த பழக்கத்துக்காகவும், இந்த மாதிரி ஒரு கதையில் கை வைக்கும் ஆசையிலும் வெளியிலிருந்து வந்து வரைந்த ஃப்ரீலான்சர்கள் ஏராளம். ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்டில் பெயர் வாங்கிய யோஷிமிச்சி கமேதாவும் அதில் உண்டு. வேலை முடிந்ததும் அவரவர் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். இரண்டாவது சீசனுக்கு இயக்குநர் சிகாரா சகுராய், வரைந்த கூட்டமும் பெரும்பாலும் வேறு. அதே மேட்ஹவுஸ் கட்டடத்துக்குள் இந்தப் புதிய கூட்டத்தை உட்கார வைத்திருந்தாலும் முதல் சீசன் திரும்பக் கிடைத்திருக்காது.

2023-இல் மேட்ஹவுஸ் செய்த ஃப்ரீரன் தொடர் வந்தபோது "மேட்ஹவுஸ் திரும்பி வந்துவிட்டது" என்று கொண்டாடினோம். அதன் இயக்குநர் கெய்ச்சிரோ சைதோ, அதற்கு முந்தைய வருஷம்தான் க்ளோவர்வொர்க்ஸ் ஸ்டூடியோவில் போச்சி தி ராக் தொடரைச் செய்து முடித்திருந்தார். திரும்பி வந்தது மேட்ஹவுஸ் என்பதைவிட, அங்கே போய்ச் சேர்ந்தது சைதோ என்பதுதான் சரி.

ஒரே ஸ்டூடியோவுக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். 2015-இல் டிராகன் பால் சூப்பரின் ஐந்தாவது எபிசோடில் கோகுவும் பீரஸும் மோதியதைப் பார்த்து உலகமே சிரித்தது. மூன்று வருஷம் கழித்து, அந்தத் தொடரைச் செய்த அதே டோயே ஸ்டூடியோ ப்ரோலி படத்தைக் கொடுத்தது. அதை இயக்கிய தட்சுயா நகமினே 2019-இல் டோயேவின் இன்னொரு தொடரான ஒன் பீஸின் வானோ பகுதிக்குப் போனார். "டோயேவா, அய்யோ" என்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிக்கொண்டார்கள். ஸ்டூடியோ டீன் என்றால் இன்றும் கேலிதான். ஆனால் ரூரோனி கென்ஷினின் முன்கதையாக 1999-இல் வந்த அந்த அழகான ஓவிஏ (டிவியில் போடாமல் நேராக வீடியோவாக வெளியிடுவது) அவர்கள் வீட்டுப் பிள்ளை.

சரி, அப்படியானால் ஸ்டூடியோ பெயருக்கு மதிப்பே இல்லையா? அதுவும் தவறு, எதிர்ப்பக்கத்துத் தவறு. கியோட்டோ அனிமேஷன் தன் ஆட்களைத் தானே பயிற்றுவித்து, மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளும் இடம். யூஃபோடேபிளில் வரைபவர்கள், சிஜி எனும் கணினி வரைகலை செய்பவர்கள், எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி ஒளியும் புகையும் சேர்க்கும் காம்போசிட்டிங் ஆட்கள் என எல்லாருமே பெரும்பாலும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். டீமன் ஸ்லேயரில் தண்ணீரும் நெருப்பும் அப்படி மின்னுவதில் கடைசியாகச் சொன்னவர்களின் பங்கு பெரியது. இங்கெல்லாம் மண்டபமே சொந்தமாகச் சமையல்காரர் வைத்திருக்கிறது, அதனால் பெயரை நம்பிப் பேசலாம். ஜே.சி. ஸ்டாஃபையும் நான் முழுக்க விடுவிக்கவில்லை. 2025-இல் அவர்கள் செய்த ஒன் பஞ்ச் மேன் மூன்றாவது சீசன் வந்து பழைய கூச்சல் மறுபடி கிளம்பியது. எந்த வேலையை எத்தனை நாளில் முடிப்பதாக ஒப்புக்கொள்வது என்பதில் நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. வரைகிறவரைத் திட்டுவதற்கு அது காரணம் ஆகாது, அவ்வளவுதான்.

"பட்ஜெட் இல்லை" என்பது அடுத்த பாட்டு. ஒரு காட்சி நன்றாக இருந்தால் காசைக் கொட்டியிருக்கிறார்கள், சொதப்பினால் காசு தீர்ந்துவிட்டது என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான டிவி அனிமேக்குப் பணம் போடுவது ஸ்டூடியோவே இல்லை. பதிப்பகம், இசை நிறுவனம், டிவி சேனல், பொம்மை விற்பவர் எல்லாரும் சேர்ந்த தயாரிப்புக் குழு போடுகிறது, ஸ்டூடியோ ஒப்பந்தத் தொகைக்கு வேலை செய்கிறது. 2022-இல் செயின்சா மேன் தொடருக்கு மாப்பா ஸ்டூடியோ தானே முழு முதலையும் போட்டது அத்தனை பெரிய செய்தி ஆனதற்குக் காரணம் அதுதான். உண்மையில் தட்டுப்பாடு வருவது நாட்களுக்கும் ஆட்களுக்கும். ஒளிபரப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூட்டை மூட்டையாகப் பணம் கொண்டுவந்தாலும், நல்ல கைகள் ஏற்கெனவே வேறு எங்கோ வரைந்துகொண்டிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2023-இல் ஜுஜுட்சு கைசென் இரண்டாவது சீசனின் ஷிபுயா பகுதி பிரமாதமாக வந்தது. அதே நாட்களில் அதில் வேலை செய்த அனிமேட்டர்கள் நேர நெருக்கடியைப் பற்றி வெளிப்படையாகப் புலம்பினார்கள். திரை ஜொலிக்கிறது என்பதற்காக உள்ளே எல்லாம் சுகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது, காட்சியை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை வைத்தே கேலி செய்யும் விஷயத்துக்கு வருகிறேன். நருட்டோ ஷிப்புடென் 167-ஆவது எபிசோட், வில்லன் பெயினுடன் நடக்கும் சண்டை. சித்தி பையன் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான்: பெயினின் முகம் ரப்பர் பொம்மை மாதிரி இழுத்துக்கொண்டு, கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். "யாருடா இதை வரைந்தது?" என்று கூடவே பத்துச் சிரிப்பு. அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது அந்த இடத்தை நிறுத்தாமல் ஓடவிட்டேன். பிறகு கால்வாசி வேகத்தில் ஓடவிட்டேன். அந்த முகம் திரையில் இருப்பது கண் இமைக்கும் நேரம். அடியின் விசை உடம்பு முழுக்கப் பரவுவதைக் காட்ட வேண்டுமென்றே உருவத்தை இழுத்து வரைந்திருக்கிறார்கள். ஓடும்போது அது அடியாகத் தெரிகிறது, நிறுத்தினால் கார்ட்டூனாகத் தெரிகிறது. அவனுக்கு அது அப்போதும் பிடிக்கவில்லை. அது நியாயமான கருத்து, ஏனென்றால் அந்த எபிசோட் தொடரின் வழக்கமான பாணியிலிருந்து ரொம்பவே விலகிப் போகிறது. "பிடிக்கவில்லை" என்பது வேறு, "வரையத் தெரியவில்லை" என்பது வேறு. ஓடுகிற ஒன்றை நிறுத்திவைத்து மதிப்பெண் போட்டால் இரண்டும் குழம்பிப்போகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நிறுத்திப் பார்த்தால் வால்பேப்பர் போல இருக்கும் ஒரு காட்சியில், உதட்டைத் தவிர எதுவுமே அசையாமல் இருக்கலாம். அழகான ஓவியத்தைப் பார்த்துவிட்டு "செம அனிமேஷன்" என்கிறோம். அனிமேஷன் என்பது அசைவு.

வழவழப்பாக ஓடினால்தான் தரம் என்பதும் பிழை. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஜப்பானில் பெரும்பாலும் ஒரு படத்தையே மூன்று ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள், அதாவது நொடிக்கு 8 படம். வேகம் தேவைப்படும் இடத்தில் 12, எப்போதாவது 24. எங்கே நிறுத்தி எங்கே பாயவிடுவது என்பதில்தான் அனிமேட்டரின் கைவண்ணம் இருக்கிறது. யூடியூபில் 60 ஃபிரேமுக்கு மாற்றிப் போடுகிறார்களே, அந்த வீடியோக்களில் மென்பொருள் இடைவெளியை எல்லாம் தானாக நிரப்பிவிடுகிறது. குத்து விழுகிற சண்டை தண்ணீருக்குள் நடப்பது போல ஆகிவிடும்.

இன்னொன்று, டிவிப் பதிப்பை வைத்துக்கொண்டு நிறம் மங்கல் என்று ஸ்டூடியோவைத் திட்டுவது. 1997 டிசம்பரில் ஒரு போகிமான் எபிசோடின் பளிச் பளிச் ஒளியால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதன் பிறகு ஜப்பானில் ஒளிபரப்பில் வேகமாக மின்னும் காட்சிகளை மங்கலாக்குவது வழக்கமாகிவிட்டது. பிறகு விற்பனைக்கு வரும் ப்ளூ-ரே வட்டில் அந்த மங்கல் பெரும்பாலும் இருக்காது. அவசரத்தில் கோணலாகப் போன முகங்களையும் பல நேரம் அங்கே திருத்தியிருப்பார்கள்.

ஒரு எபிசோடைப் பற்றி உருப்படியாகப் பேச வேண்டும் என்றால் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சி காட்சியாகத் திட்டப் படம் வரைந்தவர் யார், அந்த எபிசோடின் இயக்குநர் யார் என்பது முதலில். பிறகு 'கெங்கா', அதாவது முக்கியப் படங்களை வரைந்தவர்கள். அப்புறம் 'சகுகா கந்தோகு': எல்லாருடைய படங்களையும் திருத்தி ஒரே கை வரைந்த மாதிரி ஆக்குபவர். இந்தப் பொறுப்பில் ஒன்றிரண்டு பேர் இருந்தால் நிதானமாக வேலை நடந்திருக்க வாய்ப்பு அதிகம். பத்துப் பதினைந்து பேர் என்றால், நேரம் போதாமல் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள் என்பது ரசிகர்கள் மத்தியில் பழைய கணக்கு. சண்டைக் காட்சிகள் நிறைந்த பெரிய எபிசோடுகளில் இந்தக் கணக்கு தப்பும். பட்டியலில் வேறொரு ஸ்டூடியோவின் பெயரும் தனியாகக் கிடந்தால், எபிசோடை மொத்தமாக வெளியே கொடுத்துச் செய்து வாங்கியிருக்கலாம். நாம் ராத்திரி முழுக்கப் புகழ்ந்த, அல்லது கிழித்த, அந்த ஸ்டூடியோவின் ஆட்கள் அந்த வாரம் அதில் அதிகம் கை வைத்திருக்கவே மாட்டார்கள்.