ஜாஸ் கிட்டாரை சோல் இசைக்குக் கொண்டுபோவது எப்படி: ஜார்ஜ் பென்சன் வழியில் ஒரு தொடக்கப் பாடம்

அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சனின், 1976இல் வந்த ‘ப்ரீஸின்’ இசைத்தொகுப்பில் மொத்தமே 6 உருப்படிகள். ஐந்தில் கிட்டார்தான் பாடுகிறது. ஒன்றே ஒன்றில் மட்டும் ஜார்ஜ் பென்சன் வாய்விட்டுப் பாடுகிறார். அந்த ஒரு பாட்டு, ‘திஸ் மாஸ்கரேட்’, அமெரிக்க பாப் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த பதிவுக்கான விருதையும் வாங்கியது. தொகுப்பு, அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ஜாஸ், ஆர் அண்ட் பி, பாப் ஆகிய மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தது.

ஜாஸை விட்டுவிட்டுக் காசுக்காக பாப்புக்குப் போய்விட்டார் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பாட்டை எடுத்துப் பொறுமையாகக் கேட்டால், கிட்டாரில் ஜாஸ் அப்படியே இருப்பது தெரியும். மாறியது கீழே ஓடும் தாளம். கூடவே, விரல் வாசிப்பதை வாயும் பாடியது. இந்த இரண்டையும்தான் இந்தப் பாடத்தில் பழகப்போகிறோம்.

தேவையானவை: சுதி சேர்த்த ஒரு கிட்டார் (அகோஸ்டிக் போதும்), சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் ஆப், குரல் பதிவு செய்யும் வசதியுள்ள போன். மெல்லிய கம்பியை 1 என்றும் தடித்த கம்பியை 6 என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். ஃப்ரெட் என்பது கழுத்தில் உலோகக் கோடுகளால் பிரிந்த கட்டம். அதைத் தலைப்பக்கத்தில் இருந்து எண்ணுங்கள்.

படி 1: முதல் வாரம் காதுக்கு

கிட்டாரைத் தொடாமல் மூன்று காலகட்டங்களைக் கேளுங்கள். பென்சன் 1943இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே ‘லிட்டில் ஜார்ஜி’ என்ற பெயரில் பாடிப் பதிவு செய்தவர். அதனால் குரல் அவருக்குப் பின்னால் ஒட்டவைத்த சரக்கு இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஆர்கன் கலைஞர் ஜாக் மெக்டஃபின் குழுவில் கிட்டார் வாசித்தார். 1964இல் தன் பெயரில் முதல் தொகுப்பை வெளியிட்டார். 1968இல் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஒரு பதிவிலும் வாசித்திருக்கிறார்.

முதலில் 1966இல் கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் செய்த பதிவுகளைக் கேளுங்கள். ஸ்வரங்கள் மழையாய்க் கொட்டும். அடுத்து 1976. கடைசியாக, குவின்சி ஜோன்ஸ் தயாரித்து 1980இல் வந்த ‘கிவ் மீ த நைட்’. இதில் குரல் முன்னால் வந்துவிட்டது, கிட்டார் இடையிடையே எட்டிப் பார்க்கிறது. அருமையான தொகுப்புதான். ஆனாலும் கிட்டார் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். கற்றுக்கொள்பவருக்கு நடுவில் உள்ள 1976தான் சரியான பாடப்புத்தகம்.

கேட்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கருவியைப் பின்தொடருங்கள். ஹார்வி மேசனின் டிரம்ஸ் ஒரு முறை. ஸ்டான்லி பேங்க்ஸின், தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டார் ஒரு முறை. பக்கவாட்டில் அடக்கமாகத் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும் ஃபில் அப்சர்ச்சின் கிட்டார் இரண்டு முறை. பலரும் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவது கிட்டாரைத்தான். நமக்கு முதலில் வேண்டியது அதுதான்.

படி 2: தாளத்தை மாற்றுங்கள்

ஜாஸுக்கும், கறுப்பின அமெரிக்கர்களின் பாடல் இசையான சோலுக்கும் உள்ள வேறுபாடு கார்டுகளில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளில், இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நடையில் இருக்கிறது. நம் சொற்கட்டிலேயே சொல்லிப் பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும்.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டுகளில் வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ‘தகிட’ என்று சொல்லுங்கள். பிறகு நடுவில் உள்ள ‘கி’யை மட்டும் விழுங்கிவிடுங்கள்: த–ட, த–ட, த–ட. ஜாஸின் ஊஞ்சலாட்டம், அவர்கள் ஸ்விங் என்று சொல்வது, ஏறக்குறைய இதுதான். வேகம் கூடக்கூட இந்த இடைவெளி சுருங்கும். இப்போதைக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

சரி, இப்போது அதே தட்டுக்கு ‘தகதிமி’. நான்கும் சமமாக விழ வேண்டும். சோலின் தரை இது. உடம்பு ஆடுவதற்குப் பதில் தலை மெதுவாக அசையும். தினமும் இரண்டு நிமிடம் ‘த–ட’வில் இருந்து ‘தகதிமி’க்கும், அங்கிருந்து திரும்பவும் மாறி மாறிச் சொல்லுங்கள். வாயில் வராத நடை கையில் வராது.

படி 3: இரண்டே கார்டுகள், மூன்றே கம்பிகள்

சோல் பாட்டில் தாள கிட்டார் ஆறு கம்பிகளையும் அடித்தால் பேஸுக்கு இடம் இருக்காது. 4, 3, 2 ஆகிய மூன்று கம்பிகள் போதும்.

ஏ மைனர் 7: நடுவிரல் 4ஆம் கம்பியில் 5ஆம் ஃப்ரெட். மோதிர விரலைச் சாய்த்து 3, 2 ஆகிய கம்பிகள் இரண்டையும் 5ஆம் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். கேட்கும் ஸ்வரங்கள் ஜி, சி, இ.

டி 9: மோதிர விரல் நகரவே கூடாது. நடுவிரலை எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலை 4ஆம் கம்பியில் 4ஆம் ஃப்ரெட்டில் வையுங்கள். ஜி மட்டும் அரைப்படி இறங்கி எஃப் ஷார்ப் ஆகிறது. மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கீழே பேஸ் டி வாசிக்கும்போது காதுக்கு இது முழுமையான டி 9.

ஒரே ஒரு ஸ்வரம் அரைப்படி நகர்ந்ததும் நிறமே மாறுகிறது அல்லவா? ஜாஸ் கலைஞர்கள் கார்டு மாற்றும் கலை இதுதான். கை குதிப்பதில்லை, ஒரு விரல் நகர்கிறது.

இப்போது வலக்கை. ‘தகதிமி’க்குக் கை கீழ், மேல், கீழ், மேல் என்று நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கட்டும். கம்பியைத் தொடுவது மட்டும் சில இடங்களில்:

1ஆம் தட்டு: ‘த’வில் கார்டு
2ஆம் தட்டு: ‘த’வில் இடக்கையைத் தளர்த்தி ‘சக்’
3ஆம் தட்டு: ‘தி’யில் கார்டு
4ஆம் தட்டு: ‘த’வில் மறுபடி ‘சக்’

நான்கு தட்டுகள் ஏ மைனர் 7, அடுத்த நான்கு டி 9. இந்த எட்டும் சேர்ந்தது ஒரு சுற்று. முதலில் 60 வேகத்தில் தொடங்குங்கள். மூன்றாம் தட்டில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள், ஏனென்றால் ‘த’வில் கை சும்மா காற்றில் போக வேண்டும். தட்டு தவறினால் நிறுத்தாமல் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். வந்ததும் 80க்கு ஏற்றி, மூன்று நிமிடம் வாசித்துப் போனில் பதிவு செய்யுங்கள். அடுத்த படிகள் எல்லாவற்றுக்கும் உங்கள் பக்கவாத்தியம் அந்தப் பதிவுதான்.

கை பழகியவர்களுக்கு ஒரு கூடுதல் பயிற்சி. ஆள்காட்டி விரலைச் சாய்த்து 5ஆம் ஃப்ரெட்டில் 3, 2 ஆகிய கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, 4ஆம் கம்பியில் 7, 6, 5, 4 என்று ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்குங்கள். கடைசிக்கு மட்டும் மேலே சொன்ன டி 9 பிடி. ஏ, ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப் என்று உள்ளே ஒரு சோகமான கோடு இறங்குவது கேட்கும். ‘திஸ் மாஸ்கரேட்’ பாட்டின் தொடக்கம் நிற்பதும் இப்படி இறங்கும் ஒரு கோட்டின் மேல்தான். சுருதி மட்டும் வேறு.

படி 4: முதலில் வாய், பிறகு விரல்

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள். நான் ஆரம்பத்தில் ஸ்கேல்களை (ஸ்வர வரிசைகளை) வேகமாக ஓட்டியே மூன்று மாதங்களைக் கழித்தேன். விரல் ஓடியது. ஆனால் எது பாட்டு, எது பயிற்சி என்று எனக்கே தெரியவில்லை. வாய் திறந்து பாடத் தொடங்கிய வாரத்தில்தான் அது மாறியது.

முதலில் ஐந்து ஸ்வரங்கள்: ஏ, சி, டி, இ, ஜி. 3ஆம் கம்பியில் 5, 7. 2ஆம் கம்பியில் 5, 8. 1ஆம் கம்பியில் 5, 8. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஏ-யை ஸட்ஜமாக வைத்தால் இது சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். ஆனால் கமகம் வேண்டாம், ஸ்வரத்தை நேராகத் தொடுங்கள்.

பதிவை ஓடவிட்டு, கிட்டார் இல்லாமல் ‘ப’, ‘து’, ‘ட’ என்று வாய்க்கு வந்த எழுத்துகளில் மூன்று ஸ்வரங்களுக்குள் ஒரு சின்னத் துண்டைப் பாடுங்கள். அதையே திரும்பப் பாடுங்கள். மூன்றாவது முறை விரலால் தேடுங்கள். நான்காவது முறை வாயும் விரலும் சேர்ந்து ஒலிக்கட்டும். குரல் எட்டவில்லை என்றால் கீழ் ஸ்தாயியில் பாடலாம், தவறில்லை. குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

பென்சன் கிட்டாரோடு ஸ்வரம் ஸ்வரமாகச் சேர்ந்து பாடுவது இப்படித்தான். ஜாஸில் இதை ஸ்காட் என்பார்கள். இது கேட்பவரை மயக்கும் வித்தை மட்டும் இல்லை. பாடுகிறவர் மூச்சு விட வேண்டும். மூச்சு விடும் இடத்தில் கிட்டாரும் நிற்கும். ஜாஸின் நுணுக்கம் தெரியாத ஒருவர்கூட அந்த வாசிப்போடு சேர்ந்து போக முடிவது அதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

அளவு வேண்டுமென்றால்: இரண்டு சுற்று பாடி வாசியுங்கள், இரண்டு சுற்று சும்மா இருங்கள். சும்மா இருக்கும் இரண்டு சுற்றுதான் கடினம்.

படி 5: ஜாஸை ஒரு சிட்டிகை

ஐந்து ஸ்வரங்களோடு நின்றால் அது ப்ளூஸ் வாசனையோடு நின்றுவிடும். டி 9 வரும் நேரத்தில் எஃப் ஷார்ப்பைத் தொடுங்கள், 2ஆம் கம்பியில் 7ஆம் ஃப்ரெட். கார்டில் மாறிய அதே ஸ்வரம் இது. கார்டு மாறுவதை ஒற்றை ஸ்வரத்திலேயே கேட்பவருக்குச் சொல்லிவிட்டீர்கள்.

அடுத்து, எஃப் ஷார்ப்புக்கு நேராகப் போகாமல் அரைப்படி கீழே, 6ஆம் ஃப்ரெட்டில் தொடங்கி வழுக்கிப் போங்கள். அந்த 6ஆம் ஃப்ரெட் இந்த ஸ்வர வரிசையில் இல்லாத அயல் ஸ்வரம். ‘த’வில் விழுந்தால் தப்பாகக் கேட்கும். தட்டுக்குச் சற்று முன்னால், ‘மி’யில் தொட்டு, ‘த’வில் எஃப் ஷார்ப்பில் இறங்கினால் தேன். ஒரு சுற்றுக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

படி 6: ஆக்டேவ்

இதை பென்சனிடம் போவதற்கு முன் வெஸ் மாண்ட்கோமரியிடம் கேட்க வேண்டும். 1968இல் மறைந்த அந்த மேதை, பிக் (மீட்டும் சிறு தகடு) இல்லாமல் கட்டைவிரலால், ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து வாசித்தவர். இப்படிச் சேர்ப்பதுதான் ஆக்டேவ். கடைசி ஆண்டுகளில் தயாரிப்பாளர் கிரீட் டெய்லரோடு சேர்ந்து பாப் மெட்டுகளை ஜாஸ் கிட்டாரில் பதிவு செய்தார். பென்சன் நடந்த பாதையில் முதல் கால் வைத்தவர் அவர்தான். பின்னால் அதே கிரீட் டெய்லரின் சிடிஐ நிறுவனத்துக்காக பென்சனும் பதிவு செய்தார்.

பிடி எளிது. 4ஆம் கம்பியில் 5ஆம் ஃப்ரெட் ஆள்காட்டி விரல், 2ஆம் கம்பியில் 8ஆம் ஃப்ரெட் சுண்டுவிரல். இரண்டும் ஜி. நடுவில் உள்ள 3ஆம் கம்பியை ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி லேசாகத் தொட்டு ஊமையாக்க வேண்டும். படி 4இல் நீங்கள் பாடிக் கண்டுபிடித்த துண்டில் ஒன்றை இந்தப் பிடியில் வாசித்துப் பாருங்கள். மெட்டு சட்டென்று அகலமாகிவிடும். பென்சன் நடுவில் இன்னொரு ஸ்வரத்தையும் சேர்த்து மூன்றாக வாசிப்பார். அதற்குச் சில மாதங்கள் பொறுங்கள்.

ஒலி பற்றிச் சுருக்கமாக: எலெக்ட்ரிக் கிட்டாரில் கழுத்துப் பக்கத்து பிக்கப் (கம்பியின் அதிர்வை வாங்கும் பகுதி), டோனைப் பாதிக்குக் குறைத்து, ஆம்பில் இரைச்சல் சேர்க்காமல். அகோஸ்டிக்கில் துளைக்குப் பக்கமாக இல்லாமல் கழுத்துக்கு அருகில் மீட்டுங்கள். பென்சனின் பெயரில் ஐபனேஸ் 1977இல் வெளியிட்ட ஜிபி10, வழக்கமான ஜாஸ் கிட்டாரைவிட உடல் சிறியது. மேடையில் சத்தம் ஏற்றும்போது ஊளையிடாமல் இருக்கத்தான் அந்த அளவு. தொடங்குபவருக்கு அது தேவையில்லை.

படி 7: பதிவு செய்து வெட்டுங்கள்

‘திஸ் மாஸ்கரேட்’ தொகுப்பில் 8 நிமிடம் ஓடும். வானொலிக்குப் போன சிங்கிளில், அதாவது தனிப்பாட்டாக வந்த பதிப்பில், அது பாதிக்கும் குறைவு. நீளமான வாசிப்பு ஜாஸ் ரசிகருக்கு, சுருக்கமானது சமையல் செய்துகொண்டே வானொலி கேட்பவருக்கு. இரண்டும் ஒரே வாசிப்பில் இருந்து வந்தவை.

நீங்களும் செய்யுங்கள். தாளப் பதிவின் மேல் மூன்று நிமிடம் பாடி வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒரு நாள் விட்டு, மறுநாள் கேளுங்கள். எந்தத் துண்டு உங்களை அறியாமல் வாயில் முணுமுணுக்க வருகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும்படி மறுபடி வாசியுங்கள்: முதலில் அந்தத் துண்டு இரண்டு முறை, நடுவில் நான்கு சுற்று உங்கள் விருப்பம், முடிவில் அதே துண்டு ஆக்டேவில். அப்புறம் வீட்டில் ஜாஸ் கேட்காத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் தலை அசைகிறது என்று பார்த்து, நாளை அந்த இடத்தில் இருந்து தொடங்குங்கள்.